எழும்பூரில் ஒரு வெற்றி, எட்மண்டனிலிருந்து ஒரு கேள்வி

ஏற்காடு
டிசம்பர் 21, 2025

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்த அன்று நான் வீட்டில் இல்லை. எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியத்தில் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தேன். டிசம்பர் 10, ஜூனியர் ஹாக்கி உலகக் கோப்பையில் வெண்கலத்துக்கான ஆட்டம், நமக்கும் அர்ஜென்டினாவுக்கும். முந்தின ராத்திரி சேலம் ஜங்ஷனில் ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஏறினேன். காப்பிப் பழம் பறிக்கிற நேரத்தில் தோட்டத்தை விட்டுவிட்டு எங்கே கிளம்புகிறீர்கள் என்று வீட்டில் கேட்டார்கள். அறுபத்து மூன்று வயதில் நம் ஊர்ப் பக்கம் இன்னொரு உலகக் கோப்பை எப்போது வரும், போய்விட்டு வந்துவிடுகிறேன் என்றேன்.

ஆட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். வேட்டையைப் பற்றி நீ கேட்டிருக்கிற கேள்விக்கு அப்புறம் வருகிறேன், அதற்கு நிதானம் வேண்டும்.

மூன்று நாள் முன்னால் அரையிறுதியில் ஜெர்மனியிடம் 5-1 என்று தோற்றிருந்தோம். அந்தச் சோர்வு பையன்கள் காலில் தெரிந்தது. 3வது நிமிடத்திலேயே அர்ஜென்டினா ஒரு கோல் போட்டது. 44வது நிமிடத்தில் இன்னொன்று. மூன்று குவார்ட்டர் முடிந்தபோது 0-2. எனக்குப் பின்வரிசையில் இருந்த ஒருவர் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். நான் திரும்பிப் பார்த்து, "உட்காருங்க சார், இன்னும் பதினைந்து நிமிஷம் இருக்கு" என்றேன். நம்பிச் சொன்னேனா, வாய் பழக்கத்தில் சொன்னேனா தெரியாது. இருபது வருஷம் பிள்ளைகளிடம் சொல்லிப் பழகிய பேச்சு அது.

49வது நிமிடத்தில் பெனால்டி கார்னர். அடித்த பந்தை வழியில் அங்கித் பால் லேசாகத் தொட்டுத் திருப்பிவிட்டான். ஒரு கோல். 52இல் மன்மீத் சிங். இரண்டுக்கு இரண்டு. மாப்ளே, அந்தச் சத்தத்தை எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெரியவில்லை. 57இல் பெனால்டி ஸ்ட்ரோக், ஷர்தானந்த் திவாரி பதறாமல் தள்ளினான். மறு நிமிடமே அன்மோல் எக்கா நான்காவது. கடைசிப் பதினொரு நிமிடத்தில் நான்கு கோல்! பை மாட்டியவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு குதித்தார். 2016இல் லக்னோவில் கோப்பை வாங்கிய பிறகு இரண்டு தடவையும் நான்காவது இடத்தோடு திரும்பியவர்கள் நாம். இந்த வெண்கலத்தின் எடை உனக்குத் தெரியும். டோக்கியோ, பாரீஸ் ஒலிம்பிக்ஸில் கோல் காத்த நம்ம ஸ்ரீஜேஷ்தான் இந்தப் பையன்களுக்குப் பயிற்சியாளர். கோப்பை ஜெர்மனிக்குத்தான் போனது. போகட்டும், நன்றாக ஆடினார்கள்.

ஊருக்குத் திரும்பி வந்து குளித்துச் சாப்பிட்டுவிட்டு உன் கடிதத்தைப் பிரித்தேன். இரண்டு வருஷமாக உன் எட்மண்டன் ஐஸ் ஹாக்கி அணி ஆயிலர்ஸ் இறுதிவரை வந்து வந்து ஃப்ளோரிடாவிடம் தோற்றதை ஆபீஸில் பேசிக்கொண்டிருந்தார்கள், அது எப்படியோ வேட்டைப் பக்கம் திரும்பிவிட்டது, அடுத்த நவம்பரில் மான் சீசனுக்கு உன்னையும் கூப்பிடுகிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். ஐஸ் ஹாக்கி ஆடிய கிளேட்டன் ஸ்டோனர் 2013இல் ஒரு கிரிஸ்லி கரடியைச் சுட்டு, அதன் தலையைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்ட விஷயத்தை வைத்துத்தான் வாக்குவாதம் என்கிறாய். "முறையாக உரிமம் வாங்கி, சீசனில் மட்டும் போய், ஓடுகிற விலங்கைச் சுட்டால் அதில் என்ன தப்பு? அதுவும் ஒரு ஸ்போர்ட்தானே? நாமும் சின்ன வயசில் போனோமே" என்று கேட்டிருக்கிறாய்.

கடைசி வரிதான் என்னைத் தூங்கவிடவில்லை.

நாமும் போனோம். ஒரு காணும் பொங்கல் ராத்திரி. உன் மாமா கன்னங்குறிச்சிக்கு மேலே மலையடிவாரத்துக்குக் கூட்டிப் போனார். நமக்குப் பதினாறு வயசு. மாமா நெற்றியில் நெத்தி லைட், இடுப்பில் பேட்டரி, கையில் நாட்டுத் துப்பாக்கி. கருமருந்தைக் கொட்டிக் கம்பியால் இடித்து இடித்து ரவை போட்டதை நீ பக்கத்தில் நின்று பார்த்தாய். அப்புறம் ஒரு கொள்ளுக் காட்டு ஓரத்தில் அந்த முயல். வெளிச்சம் பட்டதும் ஓடவேண்டியதுதானே? ஓடவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டது. கண் இரண்டும் சிவப்பாக எரிந்தன. காது இரண்டும் நிமிர்ந்து நின்றன. வெளிச்சம் அந்தக் காதுக்குள் புகுந்து வந்ததில், உள்ளே ஓடிய மெல்லிய ரத்தக் குழாய்கள் அரசிலை நரம்பு மாதிரி தெரிந்தன. மூக்கு மட்டும் துடித்துக்கொண்டிருந்தது. நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், வெடித்துவிட்டது.

உடனே சாகவில்லை. கைக்குழந்தை மாதிரி ஒரு சத்தம் போட்டது. முயல் கத்தும் என்பதே அதுவரை எனக்குத் தெரியாது. மாமா போய் முடித்துவிட்டு வந்து, "நல்ல ஆட்டம்டா இன்னைக்கு" என்றார். திரும்பும்போது நான்தான் தூக்கி வந்தேன். அதன் சூடு என் சட்டை வழியாக வயிற்றில் பட்டுக்கொண்டே இருந்தது. மறுநாள் உங்கள் வீட்டில் குழம்பு வைத்தார்கள், நானும் சாப்பிட்டேன். மாமாவைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவர் நல்ல மனுஷர், நமக்கு முதல் ஸ்டிக் வாங்கிக் கொடுத்தவர். வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 1972இலேயே வந்துவிட்டது என்பது அவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. ஆனால் அந்த "ஆட்டம்" என்ற சொல் மட்டும் இத்தனை வருஷமாக என் தொண்டையில் முள்ளாக நிற்கிறது.

ஏன் என்று இந்த மாதம்தான் எனக்குத் தெளிவாகப் புரிந்தது. காலிறுதியில் பெல்ஜியத்தோடு 2-2 ஆகி ஷூட் அவுட்டுக்குப் போனதைப் பார்த்தாயா? 23 மீட்டர் கோட்டிலிருந்து ஒருத்தன் பந்தோடு வருகிறான், அவனுக்கு எட்டு விநாடி. கோல்கீப்பர் பிரின்ஸ்தீப் சிங் முன்னால் ஏறி வருகிறான். இரண்டு பேருக்கும் விதி தெரியும். எட்டு விநாடி முடிந்தால் விசில் ஊதும் என்று தெரியும். தோற்றாலும் ராத்திரி சாப்பாடு உண்டு, அடுத்த வருஷம் இன்னொரு ஆட்டம் உண்டு. ஆட வேண்டாம் என்றால் வராமலே இருந்திருக்கலாம். இதெல்லாம் இருப்பதால்தான் அது விளையாட்டு. அந்த முயலுக்கு இதில் எது இருந்தது? அது கொள்ளு மேய வந்தது. தான் ஒரு ஆட்டத்தில் இருக்கிறோம் என்றே அதற்குத் தெரியாது.

தமிழிலேயே "வேட்டையாடு" என்றுதானே சொல்கிறோம் என்று நீ மடக்குவாய். நம் மொழியில் நீராடுகிறோம், போராடுகிறோம், மன்றாடவும் செய்கிறோம். மன்றாடுவது விளையாட்டா? அந்த "ஆடு" வேறு.

அந்தக் கரடி விஷயத்துக்கு வருகிறேன். பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் கடற்கரையோரப் பழங்குடி மக்கள் தங்கள் நிலத்தில் தலைக்காகவும் தோலுக்காகவும் சுடுகிற வேட்டை கூடாது என்று 2012இலேயே அறிவித்திருந்தார்கள். ஸ்டோனர் அந்த மாகாணத்தில் வசிப்பதற்கான தகுதி இல்லாமலே உரிமம் வாங்கியிருந்தார். 2016இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு 10,000 டாலர் அபராதம் கட்டினார், மூன்று வருஷம் அங்கே வேட்டைக்குத் தடை. உன் நண்பர்கள் இதை ஏதோ காகிதத் தப்பு மாதிரி பேசுகிறார்கள் போலிருக்கிறது. காகிதம் சரியாக இருந்திருந்தால் அந்தத் தலையைத் தூக்கிப் பிடித்தது சரியாகிவிடுமா? 2017 கடைசியில் பிரிட்டிஷ் கொலம்பியா அரசே கிரிஸ்லி வேட்டையை நிறுத்திவிட்டது. அதே சமயம் பழங்குடி மக்கள் தங்கள் உணவுக்கும் சடங்குக்கும் எடுப்பதை விட்டுவைத்தது. அந்தப் பிரிவினை எனக்குச் சரியாகப் படுகிறது.

உன் கட்சிக்கு ஒரு பலமான சாட்சி உண்டு, அதை நானே எடுத்துக் கொடுக்கிறேன். பாகிஸ்தான் மலைகளில் மார்க்கோர் என்று ஒரு காட்டாடு, திருகு திருகாகக் கொம்பு. வெளிநாட்டுக்காரர்கள் பெரும்பணம் கட்டிக் கிழட்டுக் கிடாக்களில் சிலவற்றைச் சுடலாம். அந்தப் பணத்தில் 80 சதவீதம் மலைக் கிராமங்களுக்குப் போகிறது. கிராமத்துக்காரர்களே திருட்டு வேட்டையைத் தடுத்துக் காவல் காத்தார்கள், எண்ணிக்கை ஏறியது. 2015இல் அழியும் நிலைப் பட்டியலிலிருந்து அதை இறக்கி வைத்தார்கள். இது உண்மை, நான் மறுக்க மாட்டேன். அந்தக் கிராமத்துப் பிள்ளைக்கு அதனால் பள்ளிக்கூடம் கிடைத்தால் நான் எதிர்த்துப் பேச யார்? ஆனால் மாப்ளே, அங்கே ஆட்டைக் காப்பாற்றியது கிராமத்தின் காவலும் கைக்கு வந்த காசும். சுட்டவனுடைய சந்தோஷம் காப்பாற்றவில்லை. நீ கேட்டது அந்தச் சந்தோஷத்தைப் பற்றித்தானே?

நான் கறி சாப்பிடுகிறவன். ஞாயிற்றுக்கிழமை அரைக் கிலோ ஆட்டுக்கறி வாங்காமல் வீட்டுக்கு வந்தால் என் பேரன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான். அதனால் உன் ஆபீஸில் ஒருத்தர் ஒரு எல்க் மானைச் சுட்டு, வெட்டி ஃப்ரீசரில் வைத்து, குளிர்காலம் முழுக்க வீட்டோடு சாப்பிடுகிறார் என்றால் அவர்மேல் எனக்குக் கோபம் வராது. பிராய்லர் கடையில் வரிசையில் நிற்கிற என்னைவிட அவர் நேர்மையானவராகக்கூட இருக்கலாம். இரண்டு நாள் இதையும் யோசித்துப் பார்த்தேன். உணவுக்குக் கொல்கிறவர் அந்த வேலையை முடித்துவிட்டுக் கத்தியைக் கழுவுகிறார். படம் எடுத்துச் சுவரில் மாட்டுகிறவருக்குக் கொல்வதுதான் ருசி. அங்கேதான் எனக்கு ஒப்பவில்லை.

இங்கே வந்து விவசாயியிடம் இதைப் பேசினால் அடிக்க வருவான், அதுவும் நியாயம். போன ஐப்பசியில் அடிவாரத்தில் என் மச்சினனுடைய மரவள்ளிக் காட்டைப் பன்றிக் கூட்டம் ஒரே ராத்திரியில் ஏர் ஓட்டிய மாதிரி புரட்டிப் போட்டுவிட்டது. ஒன்றரை ஏக்கர். காலையில் வரப்பில் உட்கார்ந்து அவன் அழுததைப் பார்த்தேன். காப்புக் காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வருகிற பன்றிகளை வனத்துறையே சுடலாம் என்று இந்த வருஷம் ஜனவரியில் அரசு சொன்னது. அதை நான் விளையாட்டு என்று சொல்ல மாட்டேன், பாவம் என்றும் சொல்ல மாட்டேன். பயிர் காக்கிற வேலை அது. அதைவிட, பழத்துக்குள் நாட்டு வெடியை மறைத்து அவுட்டுக்காய் வைக்கிறார்களே, அதுதான் கொடுமை. பழம் என்று கடித்து வாய் சிதறி, நாள் கணக்கில் பட்டினி கிடந்து சாகிறது. பன்றிக்கு வைத்ததை மாடு கடிக்கிறது. நம் பக்கத்திலேயே இவ்வளவு இருக்கும்போது கனடாக்காரனை மட்டும் நான் குற்றம் சொல்லவில்லை.

நாம் சின்ன வயசில் ஒரு தோட்டத்து பங்களாவில் காட்டெருமைக் கொம்பு பார்த்தோமே, ஞாபகம் இருக்கிறதா? கீழே பித்தளைத் தகடு. சுட்ட துரை பெயர், வருஷம், கொம்பின் நீளம். காட்டெருமைக்கு அதில் இடமே இல்லை, அளவு மட்டும். எழும்பூரில் கடைசியில் பலகையில் 4-2 என்று நின்றது. அர்ஜென்டினா பையன்கள் போட்ட இரண்டும் அதில் இருந்தன, என்றைக்கும் இருக்கும். ஆட்டம் முடிந்து இரண்டு அணியும் கை கொடுத்துக்கொண்டன.

போன வாரம் விடியற்காலை பனியில் கதவைத் திறந்தால், சில்வர் ஓக் மரத்தடியில் ஒரு காட்டெருமை நிற்கிறது. நான்கு காலிலும் முட்டி வரை வெள்ளை, ஸ்டாக்கிங்ஸ் இழுத்துவிட்ட ஃபுல் பேக் மாதிரி. மூச்சு புகையாக வந்தது. காப்பிச் செடி இரண்டை மிதித்திருந்தது. நான் அசையவில்லை, அதுவும் அசையவில்லை. ஐந்து நிமிஷம் இருக்கும். அப்புறம் தலையைத் திருப்பி, அவசரமே இல்லாமல் சரிவில் இறங்கிப் போனது. என் பக்கம் ஜெயித்ததா, அதன் பக்கம் ஜெயித்ததா என்றெல்லாம் தோன்றவே இல்லை. உடம்பெல்லாம் அப்படி ஒரு நிறைவு. எழும்பூரில் நான்காவது கோல் விழுந்தபோது இருந்த மாதிரியே இருந்தது என்றால் நம்புவாயா?

அதனால் கேட்கிறேன். அவர்களோடு போக வேண்டும் என்றால் போ. காட்டில் நட, நெருப்பு மூட்டு, அவர்கள் சமைத்ததைச் சாப்பிடு. சிநேகிதம் கெட வேண்டாம். துப்பாக்கியை மட்டும் கையில் வாங்காதே. ஒரு ராத்திரி நாம் இரண்டு பேரும் பார்த்தது போதும்.

பார்சலில் ஒரு கிலோ காப்பித் தூளும் அரைக் கிலோ மிளகும் அனுப்புகிறேன். மிளகு இந்த வருஷம் கொஞ்சம் சிறுத்துவிட்டது, காரம் குறையவில்லை. தங்கச்சிக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று எழுது. மே மாதம் சேர்வராயன் திருவிழாவுக்கு வருவதாகச் சொன்னாய், பேச்சு மாறாதே. உன் பழைய ஸ்டிக் என்னிடம்தான் இருக்கிறது. கைப்பிடிக்குப் புதுசாக டேப் சுற்றி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உன் ரைட் ஹாஃப்