பழச்சாற்று மையும் உன் ஊதாக் கோழியும்

அன்புள்ள கண்ணம்மா,

உன் கடிதமும், நீ பழச்சாற்றில் செய்த மையால் கோடு போட்டுக் கூடவே வைத்திருந்த நான்கு துண்டுத் தாள்களும் வந்து சேர்ந்தன. "மை கெட்டுப்போய்விட்டதா அம்மா? புட்டியில் சிவப்பாக இருக்கிறது, தாளில் காய்ந்ததும் சாம்பல் கலந்த நீலமாகிவிடுகிறது" என்று கேட்டிருக்கிறாய். மை கெடவில்லை. நீயும் ஒரு தப்பும் செய்யவில்லை. தாள் செய்த வேலை அது.

பழத்தில் இருக்கும் சிவப்புக்கும் ஊதாவுக்கும் ஆந்தோசயனின் என்ற சாயம்தான் காரணம். புளிப்பு பட்டால் அது சிவக்கும். புளிப்பு குறையக் குறைய ஊதாவாகும். சமையல் சோடா மாதிரி காரத்தன்மையுள்ள எதுவாவது பட்டால் நீலமாகும், அப்புறம் பச்சையாகும், இன்னும் அதிகமானால் மஞ்சளித்துப்போகும். 1664இல் ராபர்ட் பாயில் நிறங்களைப் பற்றி எழுதியபோது வயலெட் பூவின் சாற்றை வைத்து இதையே காட்டினார்: அமிலம் விட்டால் சிவப்பு, காரம் விட்டால் பச்சை. பள்ளியில் லிட்மஸ் தாளை முக்கி முக்கிப் பார்த்தாயே, அதே சங்கதிதான்.

நீ வினிகர் விட்டு மை செய்திருக்கிறாய், அதனால் புட்டிக்குள் சிவப்பு. இப்போது வருகிற நல்ல தாள்களில், சீக்கிரம் பழுப்பேறாமல் இருப்பதற்காகக் கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்புக்கல் தூள், சேர்க்கிறார்கள். அது உன் மையிலிருந்த புளிப்பைத் தின்றுவிட்டது. அமிலமில்லாத தாள் என்று அட்டையில் பெருமையாகப் போட்டிருக்கும் தாளில்தான் இந்த நீலம் அதிகம் வரும். செய்தித்தாள் மாதிரி மட்டமான தாளில் சிவப்பு கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். ஆனால் அந்தத் தாளே மஞ்சளாகி நொறுங்கிப்போகும், அப்புறம் என்ன பிரயோசனம்?

அதனால் இன்னும் இன்னும் வினிகர் ஊற்றி மையைத் திருத்தப் பார்க்காதே. எந்தத் தாளில் வரையப் போகிறாயோ அதன் ஓரத்தில் ஒரு கோடு இழுத்து, முழுக்கக் காயவிட்டுப் பார். காய்ந்த பிறகு என்ன நிறமோ அதுதான் உன் மையின் நிறம்.

சரி, நீ மை செய்த விதத்தையும் விவரமாக எழுதியிருந்தாய். இரண்டு இடத்தில் எனக்கு உடன்பாடில்லை.

ஒரு மணி நேரம் கொதிக்கவைத்தாயாம். ஏனடி, ஜாமா காய்ச்சுகிறாய்? அவ்வளவு நேரம் கொதித்தால் சாயம் சிதைந்து பழுப்படிக்கும். பழத்திலிருக்கும் பெக்டின் வேறு இறங்கி, ஆறினதும் மை கூழாகி நிப்பில் அப்பிக்கொள்ளும். நான் செய்வதைச் சொல்கிறேன். பழங்களை முதல் நாள் இரவு ஃப்ரீசரில் போட்டுவிடுவேன். உறையும்போது உள்ளே இருக்கும் நீர் ஊசி ஊசியாகி பழத்தின் திசுக்களைக் கிழித்துவிடும். மறுநாள் வெளியே எடுத்து வைத்தால், கரண்டியால் அமுக்கினாலே சாறு கொட்டும். ஒரு கிண்ணம் பழத்துக்குக் கால் கிண்ணம் தண்ணீர் விட்டு, மிகச் சின்னத் தீயில் கால் மணி நேரம். கொதி வரவே கூடாது, ஓரத்தில் ஆவி தெரிந்தால் போதும். எவர்சில்வர், கண்ணாடி, எனாமல் பாத்திரம் எதுவானாலும் சரி. இரும்புச் சட்டியும் அலுமினியமும் வேண்டாம், இரண்டும் நிறத்தை மாற்றிவிடும்.

வடிகட்டுவதில்தான் பொறுமை வேண்டும். முதலில் சல்லடையில் வடித்துவிடு. அப்புறம் பழைய பருத்தித் துணியில் ஊற்றி, ஒரு பாத்திரத்தின் மேல் கட்டித் தொங்கவிட்டு, வேறு வேலையைப் பார்க்கப் போ. துணியை முறுக்கிப் பிழிந்தால் இன்னும் நாலு கரண்டி சாறு வரும்தான், ஆனால் அதோடு திப்பியும் வந்துவிடும். நிப்பின் பிளவு தலைமுடி அகலம்கூட இருக்காது. ஒரு துளி திப்பி போதும், கோடு நடுவழியில் நின்றுவிடும்.

இரண்டாவது, உப்பு. கெடாமல் இருக்க அரைக் கரண்டி உப்புப் போடச் சொல்லி யாரோ எழுதியதைப் படித்திருக்கிறாய். பிரஷ்ஷில் வண்ணம் அடிக்க மட்டும் என்றால் போட்டுக்கொள். தொட்டெழுதும் பேனாவுக்கு உப்பு ஆகாது. வினிகரே எஃகு நிப்பை அரிக்கும், உப்பும் சேர்ந்தால் ஒரே வாரத்தில் துருப்பிடிக்கும். உப்புக்குப் பதில் இரண்டு கிராம்பை நசுக்கிப் போட்டு, சின்னப் புட்டியில் ஊற்றி, ஃப்ரிட்ஜில் வை. அப்படி வைத்தாலும் சில வாரம்தான். மேலே வெள்ளையாக ஆடை படிந்தால் யோசிக்காமல் கொட்டிவிடு. புட்டியின் மேல் "மை, குடிக்காதே" என்று எழுதி ஒட்டு. ஏன் என்று உன் அப்பாவைக் கேள்.

பழச்சாற்றில் சர்க்கரை இருக்கிறது என்பதை நான் ஒருமுறை மறந்துபோனேன். வினிகரும் விடாமல், கிராம்பும் போடாமல், ஒரு புட்டியை இறுக்க மூடி அலமாரியில் வைத்துவிட்டேன். உள்ளே நுரைத்துப் புளித்து, ஒரு நாள் நடுராத்திரி மூடி தெறித்தது. திருடன் வந்துவிட்டான் என்று அப்பா கம்போடு எழுந்துவந்தார். விளக்கைப் போட்டால் சுவர் முழுக்க ஊதா. அந்தக் கறை மட்டும் எத்தனை தேய்த்தும் போகவில்லை. வேண்டாத இடத்தில் பட்ட நிறம்தான் பிடிவாதமாக நிற்கும் போலிருக்கிறது.

எந்தப் பழம் என்பதில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. நாவல், மல்பெரி, பிளாக்பெரி, எல்டர்பெரி எல்லாமே நல்ல அடர்த்தி தரும். ஸ்ட்ராபெரி வெளிறிப்போகும், வேண்டாம். கடையில் வாங்கும் புளூபெரிக்குச் சாயம் முழுக்கத் தோலில்தான், சதை வெளுப்பு, அதனால் தோலோடு நன்றாக நசுக்க வேண்டும். பெயர் தெரியாத காட்டுப் பழங்களைத் தொடாதே. போக்பெரி என்று ஒன்று உண்டு, கண்ணைப் பறிக்கிற சிவப்பு கொடுக்கும், ஆனால் விஷம். அதிலிருப்பது பீட்ரூட் வகைச் சாயம், ஆந்தோசயனினே இல்லை.

உன் கோடு தாளில் பூரான் கால் மாதிரி பரவுகிறது என்றாயே, அது பிசின் போதாததால். அரபிப் பிசின் வாங்கிக்கொள். வாட்டர்கலரில் வண்ணத்தைத் தாளோடு ஒட்டிவைப்பதும் அதே பிசின்தான். ஒரு பங்கு தூளுக்கு இரண்டு பங்கு வெந்நீர் விட்டு இரவு முழுக்க ஊறவைத்தால் தேன் மாதிரி வரும். அதைச் சொட்டுச் சொட்டாக மையில் விட்டு, ஒவ்வொரு முறையும் கோடு இழுத்துப் பார். பரவினால் இன்னும் கொஞ்சம் பிசின். நிப்பை விட்டு இறங்கமாட்டேன் என்றால் கொஞ்சம் தண்ணீர். இதற்கு அளவு சொல்ல முடியாது, பழத்துக்குப் பழம் மாறும். புது நிப்பென்றால் அதன்மேல் எண்ணெய்ப் பூச்சு இருக்கும். பாத்திரம் கழுவும் சோப்பைத் தொட்டுத் துடைத்துவிடு, இல்லாவிட்டால் மை தாமரை இலைத் தண்ணீர்தான். நெருப்பில் காட்டினால் போகும் என்பார்கள், எஃகின் முறுக்கு போய்விடும், செய்யாதே. ஃபவுண்டன் பேனாவில் இந்த மையை ஊற்றுவதை நினைத்தே பார்க்காதே. உள்ளே போய் அடைத்து, பூஞ்சை பிடித்து, பேனா பாழாகும்.

இனி எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். நிறம் மாறுகிறதே என்று நீ கவலைப்படுகிறாய், நான் அதற்காகவே இந்த மையில் வரைகிறேன். ஒரே புட்டி மையைத் தாளில் அகலமாகப் பூசி, ஈரம் காயும் முன்பு ஒரு பிரஷ்ஷில் எலுமிச்சைச் சாறு, இன்னொன்றில் சமையல் சோடா கரைத்த தண்ணீர் தொட்டுப் பார். எலுமிச்சை பட்ட இடம் ரோஜா நிறத்தில் மலரும். சோடா பட்ட இடம் சிணுங்கி, சின்னதாக நுரைத்து, நீலமாகிப் பச்சைக்கு ஓடும். இரண்டும் சந்திக்கிற விளிம்பில் வருகிற நிறத்துக்கு என்னிடம் பெயர் இல்லை. படிகாரத் தூள் ஒரு சிட்டிகை கலந்தால் ஊதா நீலத்தின் பக்கம் சாயும். சோடாவை மட்டும் நீர்க்கக் கரை, கூடினால் காய்ந்ததும் வெள்ளையாகப் பூத்து நிற்கும். அந்தப் பச்சையை அதிகம் நம்பாதே. காரம் பட்ட ஆந்தோசயனின்தான் முதலில் சிதையும், உன் இலைகள் எல்லாம் மற்றவற்றுக்கு முன்பே பழுப்பாகிவிடும்.

பழுப்பைப் பற்றிப் பேச்சு வந்ததால் சொல்லிவிடுகிறேன். நீ இந்த மையில் வரைந்த நான்கு படங்களையும் உன் தோழி காசு கொடுத்து வாங்கி, சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டப் போகிறாள் என்று எழுதியிருந்தாய். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஏன் என்று சொல்ல, நான் உன்னிடம் சொன்ன ஒரு பொய்யை ஒப்புக்கொள்ள வேண்டும்.

நீ ஆறு வயதில் ஒரு கோழி வரைந்தாய், ஞாபகம் இருக்கிறதா? பென்சிலில் உடம்பு போட்டு, பழத்தைக் கையால் நசுக்கி, விரலாலேயே ஊதா வண்ணம் அடித்தாய். ஊதாக் கோழி எங்கே இருக்கிறது என்று அப்பா கேட்டதற்கு ஒரு நாள் முழுக்க அழுதாய். அதைச் சட்டம் போட்டு கூடத்தில், ஜன்னலுக்கு நேரெதிரே, எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி மாட்டினேன். தினமும் பார்க்கிற சுவர் அது. தினமும் பார்த்ததால்தானோ என்னவோ, நிறம் போனதை நான் கவனிக்கவே இல்லை. ஒரு நாள் தூசி தட்டக் கழற்றினேன். சட்டத்தின் விளிம்பு மறைத்திருந்த மெல்லிய கரையில் மட்டும் ஊதா இருந்தது. மற்ற இடமெல்லாம் தேநீர் கொட்டிக் காய்ந்த மாதிரி இருந்தது. போன முறை நீ வந்தபோது "என் கோழி எங்கே அம்மா?" என்றாய். கண்ணாடி உடைந்துவிட்டது, எடுத்து வைத்திருக்கிறேன் என்றேன். கண்ணாடி உடையவில்லை.

பென்சில் கோடு மட்டும் அப்படியே இருக்கிறது. அது கரி, வெளிச்சம் அதை ஒன்றும் செய்யாது. கண்ணை நீ அழுத்தி அழுத்திப் போட்டதில் தாள் கிழியப் பார்த்த இடம்கூடத் தெரிகிறது. இந்தக் கடிதத்தை அம்மா ஏன் பென்சிலில் எழுதியிருக்கிறாள் என்று யோசித்திருப்பாய்.

உன் தோழியிடம் முதலில் விஷயத்தைச் சொல். வெளிச்சத்தில் வைத்தால் வெளுக்கும், மூடிய நோட்டுக்குள் வைத்தால் மெதுவாக வெளுக்கும், புறஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி போட்டாலும் தள்ளிப்போகுமே தவிர நிற்காது. அதைக் கேட்ட பிறகும் அவளுக்கு வேண்டுமென்றால் அது அவள் விருப்பம். எப்படியானாலும் படங்களை இன்றைக்கே ஸ்கேன் செய்து வை. நிறமிகள் கொண்ட மையில் அச்செடுத்து அதைச் சுவரில் மாட்டட்டும், அசலை அலமாரிக்குள் வைத்துக்கொள்ளட்டும். இனி வரைபவற்றுக்குக் கோடுகளைக் கரி மையில் போட்டு, அது காய்ந்த பிறகு மேலே மட்டும் பழச்சாயம் பூசு. சாயம் போனாலும் படம் மிஞ்சும்.

இன்னொரு வழியும் உண்டு. துருப்பிடித்த ஆணிகளை வினிகரில் ஒரு வாரம் ஊறப்போடு, மூடியை இறுக்காதே, வாயு வெளியேற வேண்டும். அந்தப் பழுப்புத் தண்ணீரை நாவல் மாதிரித் துவர்ப்புள்ள பழத்தின் மையில் சில சொட்டு விட்டால், கண்ணெதிரே கறுக்கும். துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து கொடுக்கிற கறுப்பு அது. மாசிக்காயும் அன்னபேதி என்ற இரும்பு உப்பும் பிசினும் சேர்த்து ஐரோப்பாவில் நூற்றாண்டுக் கணக்கில் எழுதினார்களே, அந்த மைக்கு இது தூரத்துச் சொந்தம். வெறும் சாற்றைவிட நின்று தாங்கும், ஆனால் கைமீறி ஊற்றினால் அந்தப் பழைய மை மாதிரியே தாளை அரித்துவிடும். எனக்கு இதில் அவ்வளவு ஆசை இல்லை. ஊதா போய்விடுகிறதே.

இதோடு ஒரு பட்டைத் தாள் வைத்திருக்கிறேன். என் மையில் மூன்று கோடு இழுத்திருக்கிறேன், மூன்று பழம். அதன் கீழே உன் மையிலும் கோடு போட்டு, வலது பாதியைக் கறுப்பு அட்டையால் மூடி, வெயில் படுகிற ஜன்னல் கண்ணாடியில் கோடுகள் வெளிப்பக்கம் பார்க்கிற மாதிரி ஒட்டு. ஒரு மாதம் கழித்து அட்டையைப் பிரித்துப் பார்த்துவிட்டு எனக்கு எழுது. அதுவரை தோழியிடம் காசு வாங்காதே.

கோழி என் அலமாரியில், புடவைகளுக்கு நடுவில் இருக்கிறது. அடுத்த முறை வரும்போது காட்டுகிறேன். அந்தக் கோட்டுக்குள் திரும்பவும் வண்ணம் அடிக்கத் தோன்றினால் முன்கூட்டியே சொல், பழத்தை ஃப்ரீசரில் போட்டு வைக்கிறேன்.

அன்புடன்,
அம்மா

பி.கு.: உன் தாள்களில் மூன்றாவது துண்டில் கோடு இரட்டையாகப் பிரிகிறது. மை காய்ந்த நிப்பால் எழுதியிருக்கிறாய். எழுதி முடித்ததும் கழுவித் துடைத்து வை என்று எத்தனை முறை சொல்வது?