இரண்டாம் தவணை நிறைவு: பெற்றோருக்கு அதிபரின் கடிதம்

அன்புள்ள பெற்றோர், பாதுகாவலர்களுக்கு,

வணக்கம். இரண்டாம் தவணை நல்லபடியாக முடிந்தது. கோட்டமட்டத் தமிழ்மொழித்தினப் போட்டியில் நம் பிள்ளைகள் சில இடங்களைப் பெற்றார்கள். வலைப்பந்து அணிக்கும் சிரமதானத்துக்கு வந்தவர்களுக்கும் பாராட்டுகள்.

தரம் 9 வரலாற்று ஒப்படை பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. 'எங்கள் ஊரும் காகித ஆலையும்' என்று தலைப்புக் கொடுத்து, வீட்டு மூத்தவர்களிடம் கேட்டு எழுதச் சொன்னோம். வந்த 34 ஒப்படைகளில் 27 கொமினிகேஷன் கடையில் காசு கொடுத்து அச்சடித்தவை. அத்தனையிலும் 'காகித அலை' என்ற ஒரே பிழை. முகப்பில் இருந்ததோ நம் வாழைச்சேனை ஆலையல்ல, எம்பிலிப்பிட்டிய ஆலையின் படம்!

வயலாலும் வேலையாலும் களைத்து வந்த நேரத்தில் "நாளைக்கு ஒப்படை" என்று பிள்ளை வந்து நின்றால் உங்களுக்கு எப்படியிருக்கும் என்பது எங்களுக்கும் விளங்கும். ஆனாலும் வாழைச்சேனையில் இருந்துகொண்டு இதைக் காசுக்கு வாங்க வேண்டுமா? ஜி.ஜி. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராக இருந்த காலத்துத் திட்டம், 1956 இல் உற்பத்தி தொடங்கியது என்ற வரிகளை எவரும் தேடி எடுக்கலாம். வைக்கோலும் இலுக்குப் புல்லும் வந்து குவிந்ததை, யுத்த காலத்து நாட்களை, ஆலை நின்றபின் யார் கடலுக்குப் போனார், யார் வெளிநாட்டுக்குப் போனார் என்பதை உங்கள் விறாந்தையில்தான் கேட்க வேண்டும்.

ஒரு பிள்ளை கேட்டிருக்கிறார். வைக்கோலை எரிசோடாவோடு அவித்துக் கூழாக்கியதை அம்மப்பா சொன்னாராம். சட்டையில் அந்த வாடை போகாதென்று அம்மம்மா ஏசியதையும் சேர்த்து எழுதியிருந்தார். கொப்பித் தாளில், எழுத்துப் பிழைகளோடு. கூடிய புள்ளி அதற்கே.

அச்சடித்த ஒப்படைகளுக்குப் புள்ளி இல்லை. பெற்றோர் எழுதிக் கொடுத்தவற்றுக்கும் இல்லை. பிள்ளைகளின் கையெழுத்து எங்களுக்குத் தெரியும். மூன்றாம் தவணையின் முதல் வாரத்துக்குள் இரண்டு பக்கம் எழுதித் தரவேண்டும். இதில் விதிவிலக்குக் கேட்டு வர வேண்டாம்.

வீட்டில் ஆலையில் வேலை செய்தவர் இல்லையென்றால் அயலில் கேட்கலாம். பல காலம் மூடிக் கிடந்த ஆலை, கழிவுக் காகிதத்தைக் கொண்டு மறுபடி இயங்கியதைப் பற்றியும் எழுதலாம். பழைய சம்பளத் துண்டோ அடையாள அட்டையோ இருந்தால் கொடுத்தனுப்புங்கள்; பத்திரமாகத் திருப்பித் தருவோம்.

கடும் வெயிலிலும் பெற்றோர் கூட்டத்துக்கு வந்த அனைவருக்கும், முக்கியமாகப் பேரப்பிள்ளைகளைக் கூட்டிப்போக வரும் அம்மம்மாமாருக்கும், மனமார்ந்த நன்றி.

இங்ஙனம்,
அதிபர்