அந்தப் பாடத்தைத் தாண்டிப் போகாதீர்கள்

பள்ளிப் பாடத்திட்டத்தை வகுப்போருக்கும் தலைமையாசிரியர்களுக்கும் வணக்கம்.

பாலியல் கல்விப் பாடத்தைத் தாண்டிப் போக வேண்டாம் என்று கேட்டு, உயிரியல் ஆசிரியராகிய நான் ஒரு துண்டுச் சீட்டின் பொருட்டு இம்மடலை எழுதுகிறேன். பெயர் குறிப்பிடாமல் எதை வேண்டுமானாலும் கேட்கலாம் என்று சொல்லி வகுப்பில் ஓர் அட்டைப்பெட்டி வைத்திருந்தேன். நான்காக மடித்த ஒரு தாளில், பலமுறை அழித்து எழுதிய பென்சில் எழுத்தில், இப்படி ஒரு கேள்வி வந்தது: "அந்த இடத்தில் ஒரு புண் வந்தது. வலிக்கவில்லை. தானாகவே ஆறிவிட்டது. இனிப் பயமில்லைதானே, சார்?"

உடலுறவால் பரவும் சிபிலிஸ் நோயின் முதற்புண் பெரும்பாலும் வலிப்பதில்லை. மருந்தே போடாவிட்டாலும் 3 முதல் 6 வாரங்களில் அது ஆறிவிடும். கிருமியோ உடலிலேயே தங்கி, பிறருக்கும் தொற்றி, பல ஆண்டுகள் கழித்து மூளையையும் இதயத்தையும் தாக்கக்கூடும். தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால் பெனிசிலின் ஊசி போதும். எழுதியது யாரென்று தெரியாததால், மறுநாள் வகுப்பு முழுவதற்கும் பொதுவாக இதை விளக்கினேன். அந்த வாரமே பெட்டியை அகற்றும்படி எனக்குச் சொல்லப்பட்டது. இவற்றைப் பேசினால் பிள்ளைகளுக்குத் தகாத எண்ணம் வந்துவிடும் என்பது சொல்லப்பட்ட காரணம்.

அந்த அச்சம் அன்பில் பிறந்தது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால், பாலியல் கல்வி பிள்ளைகளை உடலுறவுக்குத் தூண்டுவதில்லை என்பதைப் பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த யுனெஸ்கோவின் 2018ஆம் ஆண்டு வழிகாட்டுதல் தெளிவாகவே கூறுகிறது. நாம் பேசாமல் விட்ட இடத்தை நண்பர்களின் அரைகுறைச் செய்திகளும் ஆபாசக் காணொளிகளும் நிரப்பிக்கொள்கின்றன.

பிள்ளைகள் நம்பியிருப்பவற்றைக் கேட்டால் மனம் பதறுகிறது. கருத்தடை மாத்திரை நோயையும் தடுக்கும் என்கிறார்கள். அது கருவை மட்டுமே தடுக்கும். பார்க்க நலமாக இருப்பவரிடம் நோய் இராது என்கிறார்கள். உடலுறவால் பரவும் கிளமிடியா என்ற பாக்டீரியா தொற்றிய பெண்களில் பெரும்பாலோருக்கு எந்த அறிகுறியும் தெரிவதில்லை. இதைத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன். சில நாள் மாத்திரையில் தீர்ந்திருக்கக்கூடிய அத்தொற்று, கவனிக்கப்படாமல் கருக்குழாய்வரை ஏறித் தழும்பை உண்டாக்கிவிட்டால், பின்னாளில் குழந்தைப்பேற்றுக்காக மருத்துவரிடம் போகும்போதுதான் அப்பெண்ணுக்கு அது தெரியவரும். வளரிளம் பெண்ணின் கருப்பை வாய் முழுமையாக முதிராத நிலையில் இருப்பதால், அவளுக்கு இத்தொற்று எளிதில் பற்றுகிறது.

2020இல் மட்டும் கிளமிடியா, கொனோரியா, சிபிலிஸ், டிரைக்கோமோனியாசிஸ் ஆகிய நான்கு பால்வினை நோய்களிலும் சேர்த்துப் புதிதாக 37.4 கோடித் தொற்றுகள் ஏற்பட்டதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. நான்குமே குணப்படுத்தக்கூடியவை.

பாடத்தில் முழு உண்மையையும் சொல்லுங்கள். உடலுறவைத் தள்ளிப்போடுவது நல்லது என்று சொல்வதற்கு எனக்குத் தயக்கமில்லை. வற்புறுத்தலுக்கு இணங்க வேண்டியதில்லை என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும். ஆணுறையை ஒவ்வொரு முறையும் சரியாகப் பயன்படுத்தினால் எச்.ஐ.வி., கொனோரியா போன்றவற்றிலிருந்து நல்ல பாதுகாப்பு கிடைக்கும் என்பதையும், தோலோடு தோல் உரசிப் பரவும் ஹெர்பிஸ் (கொப்புள நோய்), எச்.பி.வி. (கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய வைரஸ்) ஆகியவற்றை அதனால் முழுமையாகத் தடுக்க இயலாது என்பதையும் சேர்த்தே கற்பியுங்கள். எச்.பி.வி. தடுப்பூசியை 9 முதல் 14 வயதுக்குள் சிறுமியருக்குப் போட உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதைப் பெற்றோர் கூட்டத்திலேயே எடுத்துச் சொல்லலாம். எச்.ஐ.வி. தொற்றியிருக்கலாம் என்ற ஐயம் எழுந்தால், 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்தைத் தொடங்க வேண்டும். ஆதலால் யாரிடம் போவது என்பது ஒவ்வொரு பிள்ளைக்கும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அங்கே இருப்பவர் முகம் சுளிக்காதவராகவும், கேட்டதை வெளியே சொல்லாதவராகவும் இருக்க வேண்டும்.

சீட்டை எழுதிய பிள்ளை இரத்தப் பரிசோதனை செய்துகொண்டதா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்தப் பெட்டியை மீண்டும் வகுப்பில் வைக்க அனுமதி தாருங்கள்.

இப்படிக்கு,
ஓர் உயிரியல் ஆசிரியர்