வாங்கும் இடம் தெரிகிறது, மற்றதை யார் சொல்வது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கோடை பிறந்துவிட்டது. கல்யாணம், பூப்புனித நீராட்டு விழா, தேர்த்திருவிழா என்று ஊரிலிருந்தும் லண்டனிலிருந்தும் உறவினர்கள் ரொறன்ரோவில் வந்து இறங்கத் தொடங்கிவிட்டார்கள். அவர்களில் பலரைப் பியர்சன் விமான நிலையத்திலிருந்து ஏற்றிச் செல்பவன் நான். நயாகராவுக்கும் சி.என். கோபுரத்துக்கும் வழி கேட்டவர்கள் இப்போது குரலைத் தாழ்த்திக் கஞ்சாக் கடைக்கும் வழி கேட்கிறார்கள். கேட்பதில் குற்றம் ஒன்றும் இல்லை. கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் அது சட்டம் அனுமதித்த பொருள். ஒன்ராறியோவில் 19 வயது நிரம்பியவர், சுற்றுலாப் பயணியானாலும், கடவுச்சீட்டைக் காட்டி வாங்கலாம். என் கவலையெல்லாம் வாங்கிய பிறகு நடப்பதைப் பற்றித்தான். நம் வீடுகளில் இந்தப் பேச்சையே யாரும் எடுப்பதில்லை. அதனால் வருகிறவர்கள் அரைகுறையாகக் கேள்விப்பட்டதை நம்பிச் சிக்கிக்கொள்கிறார்கள்.

சென்ற கோடையில் ஒரு திருமண வரவேற்பு முடிந்து ஏறிய அண்ணர் ஒருவர், வண்டி நெடுஞ்சாலையைத் தொட்டதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, எனக்கு மூச்சு நிற்கப் போகிறது" என்றார். அருகில் இருந்த மனைவிக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் தின்றது 'கம்மி' எனப்படும், கஞ்சா கலந்த மெல்லும் மிட்டாய். ஒன்றைத் தின்று அரை மணி நேரம் பார்த்திருக்கிறார்; ஒன்றும் தெரியவில்லை என்று மேலும் இரண்டைத் தின்றிருக்கிறார். மனைவியிடம் சொல்ல வெட்கம். நேராக மருத்துவமனை அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோனேன். பிறகு நலமாகிவிட்டார் என்று தொலைபேசியில் சொன்னார்கள். புகைப்பது உடனே ஏறும், தின்பது அப்படியில்லை. வேலை செய்யத் தொடங்கவே இரண்டு மணி நேரம் வரை ஆகலாம், உச்சத்துக்குப் போக நான்கு மணி நேரம் வரை ஆகலாம். முதல்முறை தின்பவர், கஞ்சாவில் போதை தரும் பொருளான ரி.எச்.சி.யில் 2.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பதே சுகாதாரத் துறையினரின் அறிவுரை.

அந்த மிட்டாய்ப் பை கடையில் வாங்கியது அல்ல. யாரோ ஒரு நண்பர் கொடுத்தது. சட்டப்படி விற்கும் பையில் இருக்க வேண்டிய வரி முத்திரை அதில் இல்லை. அனுமதி பெற்ற கடையில் விற்கும் தின்பண்டப் பை ஒன்றில் மொத்தமாகவே 10 மில்லிகிராம் ரி.எச்.சி.தான் இருக்கலாம். பையின்மேல் சிவப்பு எண்கோணக் குறிக்குள் வெள்ளை இலையும், மஞ்சள் கட்டத்தில் எச்சரிக்கையும் இருக்கும். குழந்தைகளைக் கவரும் படங்களோடு, ஒரே பையில் பல நூறு மில்லிகிராம் என்று வருபவை கள்ளச்சந்தைச் சரக்கு. வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால், மாகாண அனுமதி முத்திரை வாசலில் ஒட்டியிருக்கும் கடையில் வாங்குங்கள். அந்தக் கடைக்குள் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு போக முடியாது; 19 வயதுக்குக் குறைந்த எவரையும் உள்ளே விடமாட்டார்கள். இது தெரியாமல் குடும்பமாக வாசலில் நின்று விழிப்பவர்களைக் குயின் வீதியில் பார்த்திருக்கிறேன்.

இந்த நகரத்தின் கஞ்சாப் பண்பாடு சட்டத்துக்கு முந்தியது. கென்சிங்ரன் சந்தைப் பக்கம் நடப்பவர்களுக்கு அந்த வாசனை அன்றே பழக்கம். இன்றைக்குச் சில கடைகள் நகைக்கடைபோல விளக்குப் போட்டு மின்னுகின்றன. ஆனால் வாங்கியதை எங்கே வைத்துப் புகைப்பது என்பதுதான் பயணியின் பெரும் சிக்கல். பெரும்பாலான ஹோட்டல் அறைகளில் கூடாது. உணவகங்களின் வெளிமுற்றத்திலிருந்து 9 மீட்டருக்குள் கூடாது. பள்ளிக்கும் சிறுவர் விளையாட்டுத் திடலுக்கும் 20 மீட்டருக்குள் கூடாது. வாகனத்துக்குள் கூடவே கூடாது, நிறுத்தி வைத்திருந்தாலும். திறந்த பையை மடியில் வைத்துக்கொண்டு என் வண்டியில் ஏறுவதும் சட்டத்தை மீறுவதுதான். பை திறக்கப்படாமல் இருக்க வேண்டும், அல்லது மூடிய பெட்டிக்குள் கைக்கு எட்டாமல் இருக்க வேண்டும். இதைச் சொன்னால் சில பயணிகள் என்னைக் கோபிக்கிறார்கள். பொலிஸ் மறித்தால் வண்டியையே சோதனையிடலாம்.

எல்லை விடயத்தில் இன்னும் கண்டிப்பாகச் சொல்ல விரும்புகிறேன். நயாகராவில் ரெயின்போ பாலத்தின் மறுமுனை நியூயோர்க் மாநிலம். அங்கும் 2021 முதல் கஞ்சா அனுமதிக்கப்பட்டதுதானே என்று கொண்டுபோகிறவர்கள் உண்டு. எல்லையில் செல்லுபடியாவது அமெரிக்க மத்தியச் சட்டம்; அதில் அது இன்னும் தடைசெய்யப்பட்ட பொருள். கனடாவின் சட்டமும் எல்லை தாண்டிக் கொண்டுபோவதை இரு திசையிலும் தடுக்கிறது. கையில் ஒன்றும் இல்லாவிட்டாலும், பயன்படுத்தியதாக அமெரிக்க எல்லை அலுவலரிடம் ஒப்புக்கொண்ட வெளிநாட்டவருக்கு நுழைவு மறுக்கப்படலாம். மொன்றியலுக்குப் போகிறவர்கள் கியூபெக்கில் வயது வரம்பு 21 என்பதை அறிந்துகொள்ள வேண்டும். இங்கே வாங்கிய 19 வயதுத் தம்பி அங்கே அதை வைத்திருக்கவே முடியாது.

ஊர் திரும்பும் நாளில் பெட்டியின் மூலையில் மறந்து கிடக்கும் ஒரு மிட்டாய்ப் பைதான் எனக்குப் பெரிய பயம். இந்தியாவில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் இருக்கிறது, இலங்கையிலும் குற்றம். துபாய், சிங்கப்பூர் வழியாகப் போகிறவர்கள் அங்கே பிடிபட்டால் இங்குள்ள உறவினர் எவராலும் எதுவும் செய்ய முடியாது.

கஞ்சாவை ஆதரித்தோ எதிர்த்தோ இதை எழுதவில்லை. நான் தொடுவதில்லை, தொடுகிறவர்களைக் குறை சொல்வதும் இல்லை. உங்களிடம் ஒரு கோரிக்கை: கோடை முடிவதற்குள் இந்த விதிகளை, சட்டம் அறிந்த ஒருவரைக் கொண்டு சரிபார்த்து, நல்ல தமிழில் பெரிய எழுத்தில் அரைப் பக்கம் வெளியிடுங்கள். அதை வெட்டி என் வண்டியின் பின்னிருக்கைப் பையில் வைப்பேன். விமான நிலையத்தில் என்னோடு வரிசையில் நிற்கும் மற்ற ஓட்டுநர்களும் தங்களுக்கு ஒரு பிரதி வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
விமான நிலைய டாக்சி ஓட்டுநர்,
ஸ்காபரோ