ஆகாது என்று அம்மன் சொல்லவில்லை

சேலத்துப் பேட்டைகளில் மாரியம்மனுக்கு ஆடித் திருவிழா எடுக்கும் ஊர்ப் பெரியவர்களான பெரியதனக்காரர்களுக்கும் விழாக் குழுவினருக்கும் வணக்கம்.

நான் கொலுசுப் பட்டறையில் வேலை பார்க்கிறவள். கணவர் மாரடைப்பில் இறந்து சில வருடங்கள் ஆகின்றன. எந்தக் கோயில், எந்தக் குழு என்று இங்கே எழுதவில்லை. நான் சொல்லப்போவது பல பேட்டைகளில் நடக்கிறது, என்னைப் போன்ற பல பெண்களுக்கு நடக்கிறது.

மாவிளக்கு அன்று வரிசையில் நிற்கிறோம். "நீ கொஞ்சம் தள்ளி நில்லும்மா, சுமங்கலிங்க முதல்ல போகட்டும்" என்கிறார்கள். கோபமாகக்கூடச் சொல்வதில்லை, தெரிந்தவர்கள்தான், பாசமாகவே சொல்கிறார்கள். தள்ளி நிற்கிறோம். நம் முறை கடைசி வரை வருவதில்லை. திருவிளக்கு பூஜைக்கு ஒலிபெருக்கியில் அழைக்கும்போது "சுமங்கலிப் பெண்கள்" என்றே அழைக்கிறார்கள். மஞ்சள் நீராட்டு அன்று வாசலில் நின்றால் எங்களைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள். ஆனால் திருவிழாவைத் தொடங்கும் பூச்சாட்டுக்கு முன்பே, வீட்டுக்கு வீடு வாங்கும் தலைக்கட்டு வரி கேட்டு எங்கள் வீட்டுக்கும் வருகிறீர்கள். தவறாமல் கொடுக்கிறோம், ரசீதும் தருகிறீர்கள். அந்தப் பணத்தில் அம்மனுக்குப் பூ வாங்கலாம், பந்தல் போடலாம், அலங்கார வண்டிகள் ஊர்வலம் போகும் வண்டி வேடிக்கைக்கு விளக்குக் கட்டலாம். அந்தப் பணத்தைக் கொடுத்த கை மட்டும் விளக்கு ஏற்றக் கூடாது.

கைராசி என்று பேசுகிறார்களே, அதையும் சொல்லிவிடுகிறேன். செவ்வாய்ப்பேட்டையிலும் அதைச் சுற்றியும் எத்தனையோ வீடுகளில் எங்களைப் போன்றவர்கள்தான் கொலுசு பற்றவைக்கிறோம், சலங்கை கோக்கிறோம். அந்தக் கொலுசு கல்யாணப் பெண்ணின் காலுக்குப் போகிறது, பிறந்த பிள்ளையின் காலுக்குப் போகிறது. இதைச் செய்தவளுக்குத் தாலி இருக்கிறதா என்று கடையில் இதுவரை யாரும் கேட்டதில்லை.

முதல் இரண்டு ஆடிகள் எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தன. மனிதர்கள் ஒதுக்குவதைத் தாங்கிக்கொள்ள முடிந்தது. அம்மனுக்கும் நாம் வேண்டாதவளாகிவிட்டோமோ என்ற பயம்தான் தூங்க விடவில்லை. அந்தப் பயத்தைத் தீர்த்தது அவளுடைய கதையேதான். ஊருக்கு ஊர் சொல்லும் விதம் மாறும். ஆனால் ரேணுகையைக் கணவர் ஜமதக்னி சந்தேகப்பட்டதும், பெற்ற மகன் பரசுராமன் கையாலேயே அவள் தலை வெட்டுண்டதும், மறுபடி உயிர்பெற்றவள் மாரியம்மனாக நின்றதும் நாம் எல்லோரும் சின்ன வயதிலிருந்து கேட்டதுதானே? சொந்த வீடே ஆகாது என்று தள்ளிய ஒருத்தியைத்தான் தாயே என்று கும்பிடுகிறோம். அவள் என்னைத் தள்ளுவாள் என்று நினைக்க எனக்கு இப்போது மனம் வரவில்லை.

அப்புறம் திலகவதியாரை நினைத்துக்கொள்வேன். நிச்சயித்த மாப்பிள்ளை கலிப்பகையார் போரில் இறந்துபோனார். தம்பிக்காக உயிரை வைத்துக்கொண்டு, திருவதிகையில் கோயில் கூட்டி, மெழுகி, பூத்தொடுத்து வாழ்ந்தார். அந்தத் தம்பி சூலை நோயோடு ஓடி வந்தபோது அக்காள் கையால்தான் திருநீறு வாங்கினார். அதற்குப் பிறகுதான் அவர் அப்பர் ஆனார், தேவாரம் பிறந்தது. நம் தெருக் கணக்குப்படி பார்த்தால் அது ராசியில்லாத கை. சிவபெருமானோ திலகவதியாருடைய வேண்டுதலைக் கேட்டார். காரைக்கால் அம்மையாரும் கணவன் விட்டுப்போன பெண்தான். நம் தெருவில் அதற்கும் ஒரு பெயர் வைத்திருப்பார்கள். அவரை இறைவன் "அம்மையே" என்று கூப்பிட்டதாகப் பெரியபுராணம் சொல்கிறது. அறுபத்துமூவர் வரிசையில் மற்றவர்கள் நின்றிருக்க அவர் மட்டும் உட்கார்ந்திருப்பார். அடுத்த முறை சிவன் கோயிலுக்குப் போகும்போது பாருங்கள்.

2023 அக்டோபரில் கோட்டை மாரியம்மனுக்குக் குடமுழுக்கு நடந்ததே, அன்று தெளித்த தீர்த்தம் நெற்றியைப் பார்த்தா விழுந்தது? கோட்டைக்கு நான் போகும் நாட்களில் பொங்கல் வைக்கிறவர்களிடமும் கோயிலைச் சுற்றி உருண்டு உருளுதண்டம் போடுகிறவர்களிடமும் வீட்டுக்காரர் இருக்கிறாரா என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. எட்டுப் பேட்டைக்கும் பெரியவள் அவள். அவள் வாசலில் இல்லாத விலக்கு நம் தெருக்கோயிலில் எங்கிருந்து வந்தது?

இதை வீட்டுப் பெரியவர்களிடம் பேசினால், "அம்மன் உன்னைப் பார்த்துக்குவா, நீ எதுக்கு இதெல்லாம் பேசுற" என்கிறார்கள். பார்த்துக்கொள்வாள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த நம்பிக்கை இருப்பதால்தான் பேச முடிகிறது. அவள் அருள் உங்கள் கையில் இருக்கிறது என்று நினைத்திருந்தால் பயந்து மூலையில் உட்கார்ந்திருப்பேன். பக்தியைச் சொல்லி ஒருத்தியின் வாயை அடைப்பதை நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன். ஒதுக்கப்பட்டவள் கடவுளை நம்புவது, ஒதுக்கியவர்களுக்குச் சௌகரியமாகிவிடக் கூடாது.

சட்டமும் எங்கள் பக்கம்தான். 2023 ஆகஸ்டில், பக்கத்து ஈரோடு மாவட்டத்தில் நம்பியூர் வட்டத்துக் கோயில் ஒன்றைப் பற்றிய வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. அந்தப் பெண்ணின் கணவர் அதே கோயிலில் பூசாரியாக இருந்தவர். அவர் இறந்த பிறகு ஆடித் திருவிழாவுக்கு வரக் கூடாது என்று அந்தப் பெண்ணைத் தடுத்தார்கள். பெண்ணுக்கென்று தனி அடையாளம் உண்டு, திருமண நிலையை வைத்து அதைக் குறைக்க முடியாது என்றார் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ். ஆனால் நம் தெரு விஷயம் காவல் நிலையம் வரை போக வேண்டும் என்று நான் விரும்பவில்லை. உங்களில் பலர் எனக்கு அண்ணன் முறை, மாமன் முறை. என் கணவரைத் தூக்கிச் சுமந்தவர்களும் உங்களில் இருக்கிறார்கள்.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. மாவிளக்கு வரிசையைப் பிரிக்காதீர்கள், முதலில் வந்தவர் முதலில் போகட்டும். விளக்கு பூஜையில் உட்கார விரும்பும் எந்தப் பெண்ணையும் எழுப்பிவிடாதீர்கள். குங்குமம் எடுத்துக்கொள்வதா வேண்டாமா என்பதை அவரவர் முடிவு செய்யட்டும், தட்டை மட்டும் எல்லோருக்கும் நீட்டுங்கள். யாராவது முணுமுணுத்தால், குழுவின் முடிவு இது என்று மைக்கில் நீங்களே சொல்லுங்கள். பெரியதனம் சொன்னால் ஊர் கேட்கும். எங்கள் பட்டறையிலிருந்து இந்த வருடம் நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்தே வருகிறோம். அதில் கணவன் விட்டுப்போனவர்களும் உண்டு.

நோட்டீஸில் "சுமங்கலிப் பெண்கள்" என்று இருக்கும் இடத்தில் "பெண்கள் அனைவரும்" என்று போடச் சொல்லுங்கள். அச்சுக்குப் போவதற்கு முன் உங்கள் பதில் தெரிந்தால் நல்லது.

இப்படிக்கு,
உங்கள் பேட்டைப் பெண் ஒருத்தி