இந்த முகங்களுக்குப் பெயர் வேண்டும்: பொகவந்தலாவைப் படத்திட்டத்துக்கு நன்கொடை வேண்டுகோள்

அன்புள்ள உறவுகளுக்கு வணக்கம்.

இலங்கை மலையகத்தின் பொகவந்தலாவையில் புனித மரியாள் ஆலயம் என்று ஒரு சின்ன ஆங்கிலிக்கன் தேவாலயம் இருக்கிறது. அதன் கல்லறைத் தோட்டத்தில் ஜூலியா மார்கரெட் கேமரன் என்ற பெண்ணும் அவருடைய கணவர் சார்ல்ஸ் ஹே கேமரனும் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். புகைப்பட வரலாற்றை யார் எழுதினாலும் இந்த அம்மாவின் பெயரைத் தாண்டிப் போக முடியாது. லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும் அமெரிக்காவின் கெட்டி அருங்காட்சியகத்திலும் அவருடைய படங்களைப் பொக்கிஷமாகப் பாதுகாக்கிறார்கள். ஆனால் அவர் கண்மூடிய இந்த மலையில் கொழுந்து எடுக்கிற நம் சனங்களில் பெரும்பாலோருக்கு அவர் யாரென்றே தெரியாது. நம் ஆட்களையும் அவர் படம் பிடித்தார் என்பதும் தெரியாது.

நாங்கள் பொகவந்தலாவை, நோர்வூட், டிக்கோயா பக்கத்துத் தோட்டங்களில் பிறந்தவர்கள். ஆசிரியர்கள், தபால் ஊழியர், கலியாண வீடுகளுக்குப் படம் எடுக்கிற தம்பிமார், மலையில் வேலை செய்து ஓய்வு பெற்ற அம்மாமார் என்று பலரும் சேர்ந்த குழு இது. 2029 ஜனவரி 26 அன்று கேமரன் இறந்து 150 வருடம் நிறைகிறது. அதற்குள் இரண்டு வேலைகளை முடிக்க வேண்டும் என்று இறங்கியிருக்கிறோம். அவருடைய படங்களைப் பெரிதாக அச்சிட்டு, தமிழ் விளக்கத்தோடு தோட்டத்துக்குத் தோட்டம் கொண்டுபோய் வைப்பது ஒன்று. இரண்டாவதுதான் பெரிய வேலை. எழுபது வயது தாண்டிய நம் பெரியவர்கள் 300 பேரை, அவர் எடுத்த முறையிலேயே முகத்தை நெருங்கிப் படம் எடுத்து, அவரவர் பெயரோடும் கதையோடும் பதிந்து வைக்கப் போகிறோம். அதற்குத்தான் உங்களிடம் கை நீட்டுகிறோம்.

இவர் ஏன் முக்கியம் என்று கேட்பவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம்.

ஜூலியா 1815-இல் கல்கத்தாவில் பிறந்தார். தகப்பனார் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி. 1838-இல் தன்னைவிட இருபது வயது மூத்த சார்ல்ஸ் ஹே கேமரனை மணந்தார். இலங்கைச் சரித்திரம் படித்தவர்களுக்கு இந்தக் கணவரின் பெயர் பழக்கமானது. சனங்களிடம் கட்டாய வேலை வாங்கிய ராஜகாரிய முறையை ஒழித்த 1833ஆம் ஆண்டுச் சீர்திருத்தங்களுக்குக் காரணமான கோல்புறூக்-கேமரன் ஆணைக்குழுவில் வரும் கேமரன் இவர்தான். பின்னாளில் இங்கே மலைநாட்டில் காணி வாங்கிக் கோப்பி போட்டார். குடும்பம் 1848-இல் இங்கிலாந்து போனது. 1860-இல் வைட் தீவில் பிரஷ்வோட்டர் என்ற ஊரில் குடியேறியபோது, தங்கள் கோப்பித் தோட்டத்தின் நினைவாக அந்த வீட்டுக்கு ‘டிம்போலா’ என்று பெயர் வைத்தார்கள். நம் டிம்புள்ளதான் அது.

1863 டிசம்பரில் மகளும் மருமகனும் அவருக்கு ஒரு கேமராவைப் பரிசாகக் கொடுத்தார்கள். கணவர் இலங்கைக்குப் போயிருந்த நேரம், தனிமைக்கு ஒரு பொழுதுபோக்காக இருக்கட்டும் என்று கொடுத்தது. அப்போது அவருக்கு வயது 48. தொழில் தெரியாமலே தொடங்கினார். நிலக்கரி போட்டு வைக்கும் கொட்டிலை இருட்டறை ஆக்கினார். கண்ணாடி போட்ட கோழிக்கூட்டை ஸ்டூடியோ ஆக்கினார். ஊர் விவசாயி ஒருவரைக் காசு கொடுத்து உட்கார வைத்து எடுத்த படம், கை பட்டு அழிந்தே போனது. அப்புறம் 1864 ஜனவரியில் ஆனி என்ற சிறுமியின் படம் சரியாக வந்தது. சந்தோஷத்தில் வீடு முழுக்க ஓடி அந்தப் பிள்ளைக்குக் கொடுக்கப் பரிசு தேடியிருக்கிறார். அன்றைக்கே அதைக் கழுவி, அச்செடுத்து, சட்டம் போட்டு, பிள்ளையின் தகப்பனிடம் கொடுத்தும் விட்டார்.

கைத்தொலைபேசியில் படம் எடுக்கிற இந்தக் காலத்தில் அந்த வேலையின் பாரம் விளங்காது. பெரிய கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்ற பசையை ஊற்றி, சமமாகப் பரவும்படி சாய்த்துச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். அதை வெள்ளி நைட்ரேட்டில் தோய்த்து, ஈரம் காய்வதற்குள் கேமராவில் வைத்து, படம் எடுத்து, ஓடிவந்து கழுவ வேண்டும். இடையில் ஒரு தூசி விழுந்தாலும் படம் போச்சு. வெள்ளி நைட்ரேட் பட்டு அவருடைய விரல்களும் உடுப்புகளும் கறுத்துக் கிடந்தன. எதிரே உட்காருகிறவர் நிமிடக்கணக்கில் ஆடாமல் அசையாமல் இருக்க வேண்டும். இருந்தாலும் மூச்சு விடத்தானே செய்வார்கள்! அந்தச் சின்ன அசைவும் படத்தில் விழுந்தது.

அந்தக் காலத்து ஸ்டூடியோக்காரர்கள் இதற்கு நேர்மாறாக வேலை செய்தார்கள். பின்னால் ஒரு திரை, பக்கத்தில் ஒரு தூண், தலை முதல் கால் வரை முழு ஆள், உள்ளங்கை அளவு அட்டை, ஊசி முனைக் கூர்மை. கேமரன் திரையையும் தூணையும் தூக்கிப் போட்டார். கறுத்த துணியைப் போர்த்தி, ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வெளிச்சம் விட்டு, முகத்தை முழுக்க நிரப்பி எடுத்தார். வில்லையைத் திருப்பிக்கொண்டே வரும்போது எந்த இடத்தில் முகம் தன் கண்ணுக்கு அழகாகத் தெரிந்ததோ, அங்கேயே நிறுத்திவிட்டார். அதற்கு மேல் கூர்மை அவருக்குத் தேவைப்படவில்லை. தகட்டில் கீறல் இருந்தாலும் கைரேகை பதிந்தாலும் படத்தை ஒதுக்கவில்லை. ‘இந்த அம்மாவுக்குத் தொழில் தெரியவில்லை’ என்று புகைப்படப் பத்திரிகைகள் எழுதின. அவர் கடைசிவரை தன் வழியை மாற்றவில்லை. அந்தப் பிடிவாதத்துக்காகவே அவரை எங்களுக்குப் பிடிக்கும்.

விஞ்ஞானி சார்ல்ஸ் டார்வின், கவிஞர் டென்னிசன், எழுத்தாளர் கார்லைல் எல்லாரும் அவர் முன்னால் உட்கார்ந்தவர்கள். வானியல் அறிஞர் ஜோன் ஹேர்ஷலை 1867-இல் எடுத்த படத்தைப் பாருங்கள். இருட்டுக்குள்ளிருந்து நரைத்த தலையும் ஈரமான இரண்டு கண்களும் மட்டும் வெளியே வருகின்றன. அவர் எத்தனை பெரிய மனிதர் என்பது மறந்து, ஒரு களைத்த தாத்தா நம்மைப் பார்ப்பது போல இருக்கும். படம் கழுவுகிறவர்கள் பயன்படுத்தும் ஹைப்போ என்ற ரசாயனம் வெள்ளி உப்புகளைக் கரைக்கும் என்று கண்டுபிடித்தவரும் இதே ஹேர்ஷல்தான்.

பெரிய மனிதர்களோடு அவர் நின்றுவிடவில்லை. வீட்டில் வேலை செய்த மேரி ஹில்லியரைத் தேவமாதாவாக நிறுத்தி, திரும்பத் திரும்பப் படம் எடுத்தார். டார்வினுக்குக் கிடைத்த அதே வெளிச்சம், அதே பொறுமை அந்தப் பெண்ணுக்கும் கிடைத்தது. எங்கள் திட்டத்துக்கு அடிப்படையே இதுதான்.

1875-இல் இந்தத் தம்பதி இலங்கைக்கு வந்தார்கள். பிள்ளைகள் சிலர் ஏற்கெனவே இங்கே இருந்தார்கள். 1869-இல் தொடங்கிய இலைநோய் கோப்பியைத் தின்றுகொண்டிருந்த காலம், குடும்பத்தின் கையும் இறுகியிருந்தது. கப்பலில் ஒரு பசுமாட்டையும் தங்களுக்கான சவப்பெட்டிகளையும் ஏற்றி வந்தார்கள் என்று சொல்வார்கள். களுத்துறைக் கடலோரத்தில் ஒரு வீடு, டிக்கோயாப் பக்கம் மகனின் தோட்டம் என்று மாறி மாறி இருந்தார்கள்.

1877-இல் களுத்துறைக்கு வந்த ஓவியர் மரியான் நோர்த்தைக் கேமரன் விடவில்லை. கம்பளிச் சால்வையைப் போர்த்தி, தலைமுடியை அவிழ்த்துவிட்டு, தென்னோலை தலையில் குத்த, உச்சி வெயிலில் நிறுத்திப் படம் எடுத்தார். அன்று வெப்பம் 96 டிகிரி பாரன்ஹைட். இயல்பாக இருக்கச் சொன்னாராம்! இந்தச் சூட்டில் கொலோடியன் எத்தனை சீக்கிரம் காய்ந்திருக்கும், ரசாயனத்தைக் கப்பலில் வரவழைக்க எவ்வளவு காலம் ஆகியிருக்கும் என்று யோசித்தால், அவர் இங்கே எடுத்தவற்றில் முப்பதுக்கும் குறைவான படங்களே மிஞ்சியிருப்பதில் ஆச்சரியமில்லை. இங்கிலாந்துப் படங்களையும் சேர்த்து இன்றைக்கு ஆயிரத்துக்கும் மேல் இருக்கின்றன.

அந்த முப்பதுக்கும் குறைவான படங்களில் இருப்பவர்கள் பெரும்பாலும் தோட்டங்களில் வேலை செய்த தமிழர்கள், வீட்டு வேலை செய்தவர்கள், களுத்துறைக் கிராமத்துச் சனங்கள். 1878-இல் எடுத்த ஒரு படத்தின் குறிப்பில், இவர்கள் களுத்துறைக் குடியானவர்கள் என்றும், சிறுமிக்குப் பன்னிரண்டு வயது என்றும், கிழவர், தானே அவளுடைய தகப்பன் என்றும் தனக்கு நூறு வயது என்றும் சொல்கிறார் என்றும் எழுதியிருக்கிறது. வயது இருக்கிறது, உறவு இருக்கிறது, பெயர் இல்லை. இலங்கைப் படங்கள் பெரும்பாலும் இப்படித்தான். வைட் தீவில் தரை துடைத்த பெண்ணின் பெயர் இன்றுவரை நமக்குத் தெரிகிறது. இங்கே அந்தக் கேமராவின் முன்னால் நின்ற நம் பாட்டன் பாட்டியின் பெயரை எந்த அருங்காட்சியகத்திலும் கேட்டறிய முடியாது.

எங்கள் கூட்டங்களிலேயே சிலர் கேட்டார்கள்: “துரைமார் வீட்டு அம்மாவுக்கு நாம் எதற்கு விழா எடுக்க வேண்டும்?” நியாயமான கேள்வி. கேமரன் வீட்டு வருமானத்தில் கோப்பிக் காசும் இருந்தது. அந்தக் கோப்பியை நட்டவர்களும் பறித்தவர்களும் திருச்சி, புதுக்கோட்டை, மதுரைப் பக்கங்களிலிருந்து கடல் தாண்டி, மன்னார்க் கரையிலிருந்து காட்டு வழியே நடந்து வந்த நம் முன்னோர். வழியிலேயே காய்ச்சலில் செத்தவர்கள் ஏராளம். இதையும் அவருடைய படங்களுக்குப் பக்கத்திலேயே எழுதி வைப்போம். நாங்கள் எடுப்பது அவருக்கான விழா அல்ல. அவரிடமிருந்து எங்களுக்கு வேண்டியது அந்தப் பார்வை: ஒரு முகத்தின் முன் நின்று, அவசரப்படாமல், அலங்காரம் இல்லாமல் பார்ப்பது. அவர் எழுதாமல் விட்ட பெயரை நாம் எழுதுவோம்.

இதை இப்போதே செய்ய வேண்டிய காரணமும் இருக்கிறது. 1948-இல் சட்டம் போட்டு நம் சனத்தின் பிரஜாவுரிமையைப் பறித்தார்கள். 1964-இல், நம் சனத்தை இந்தியாவுக்கும் இலங்கைக்குமாகப் பங்குபோட்ட சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. பல லயங்களில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், பெரியவர்களுக்கென்று இருக்கும் ஒரே படம், அந்தக் காலத்தில் பிரஜாவுரிமை விண்ணப்பத்துக்காக எடுத்ததுதான். குழுவில் உள்ள ஒருவர் தன் அம்மாயியின் தகரப் பெட்டியிலிருந்து அப்படி ஒன்றைக் கொண்டுவந்தார். தபால் முத்திரையைவிடக் கொஞ்சம் பெரிது. ஒரு மூலையில் அலுவலக முத்திரையின் ஊதா மை, தாடை வரை ஏறியிருக்கிறது. இருபது வயதுப் பெண் பயந்த கண்ணோடு பார்க்கிறார். மலையில் நின்றே கழிந்த ஒரு வாழ்க்கைக்கு மிஞ்சிய படம் அது ஒன்றுதான். சுற்றுலாக்காரர்கள் கூடையும் கொழுந்துமாக எடுத்துப்போன படங்கள் எத்தனையோ இருக்கும், அவற்றிலும் பெயர் இருக்காது.

ஆகவே, ஒவ்வொரு தோட்டத்திலும் ஓர் அறையைப் பிடித்து, ஒரு பக்கச் சன்னலை மட்டும் திறந்து, கறுப்புத் துணி கட்டி, ஒருவருக்கு அரை மணி நேரமாவது கொடுத்துப் படம் எடுப்போம். அவர் தன் வாயால் சொல்லும் பெயர், தாய் தகப்பன் பெயர், முன்னோர் வந்த ஊர், வேலை செய்த மலை ஆகியவற்றை எழுதிக்கொள்வோம். சட்டம் போட்ட ஒரு பிரதி அவர் வீட்டுச் சுவருக்குப் போகும். சம்மதம் இல்லாதவரை எடுக்கமாட்டோம். வெளியே காட்ட வேண்டாம் என்றால் படம் குடும்பத்தோடு இருக்கும். வீடுகளில் கறையான் தின்றுகொண்டிருக்கும் பழைய படங்களையும் அங்கேயே ஸ்கேன் செய்து கையோடு திருப்பிக் கொடுப்போம்.

செலவு விவரம். கேமரன் படங்களில் 30-ஐப் பெரிதாக அச்சிடவும் தாங்கிகள் செய்யவும் 3 இலட்சத்து 60 ஆயிரம் ரூபா. 300 பெரியவர்களின் படத்துக்கும் சட்டத்துக்கும், ஆளுக்கு 2,500 ரூபா வீதம் 7 இலட்சத்து 50 ஆயிரம். ஸ்கேனரும் சேமிப்புத் தட்டுகளும் 2 இலட்சத்து 40 ஆயிரம். தமிழ்க் கையேடு 1,000 பிரதிக்கு 2 இலட்சத்து 50 ஆயிரம். வேன், சாப்பாடு, இதர செலவு 2 இலட்சம். மொத்தம் 18 இலட்சம். படம் எடுப்பவர்கள் கூலி வாங்கவில்லை. குழுவுக்குள்ளேயே 3 இலட்சத்து 20 ஆயிரம் சேர்த்துவிட்டோம். இன்னும் 14 இலட்சத்து 80 ஆயிரம் வேண்டும்.

வைட் தீவில் அந்த டிம்போலா வீட்டை இடிக்க இருந்தபோது, 1993-இல் அதற்காகவே ஓர் அறக்கட்டளை அமைத்துக் காப்பாற்றினார்கள். இன்று அது அருங்காட்சியகம். நம் மலையின் பெயர் தாங்கிய வீட்டுக்கு அவர்கள் செய்ததை, அந்த மலையின் மனிதர்களுக்காக நாம் செய்ய முடியாதா?

கொழும்பில் இருக்கும் அண்ணன்மாரே, வெளிநாட்டில் உழைக்கும் தங்கச்சிமாரே, ஒப்பந்தத்தில் கப்பலேறி நீலகிரியிலும் கூடலூரிலும் வேர்விட்ட சொந்தங்களே, 2,500 ரூபா கொடுத்தால் ஒரு பெரியவரின் படம் நிறைவேறும். யாருடைய படம் என்று உங்களுக்குத் தெரிவிப்போம். உங்கள் தாத்தா, அப்பாயி பெயரைச் சொல்லிக் கொடுக்க விரும்பினால் கையேட்டில் அந்தப் பெயரையே போடுவோம். நூறு ரூபாவும் எங்களுக்குப் பெரிதுதான், அதற்கும் பற்றுச்சீட்டு உண்டு. காசு தர முடியாதவர்கள் பழைய படங்களைத் தரலாம், அல்லது படத்தில் இருப்பவர் யாரென்று அடையாளம் சொல்லலாம்.

பணம் குழுவின் கூட்டுக் கணக்குக்கு மட்டும் வர வேண்டும். இரண்டு பேர் கையெழுத்திட்டால்தான் எடுக்க முடியும். கணக்கு இலக்கம் இந்தக் கடிதத்தோடு வரும் தாளில் உள்ளது. தனி ஆள் யாராவது கேட்டால் கொடுக்க வேண்டாம். வரவு செலவு ஒவ்வொரு மாதமும் ஆலயத்துக்கும் கோயிலுக்கும் பக்கத்து அறிவிப்புப் பலகைகளில் ஒட்டப்படும். கேட்ட தொகை முழுதும் சேராவிட்டால் கண்காட்சி அச்சுகளைக் குறைப்போம், பெரியவர்களின் எண்ணிக்கையைக் குறைக்கமாட்டோம். தொண்ணூறு தாண்டியவர்களை முதலில் எடுக்கிறோம். உங்களுக்குத் தெரிந்த அப்படியானவர் எந்தத் தோட்டத்தில், எந்த லயத்தில் இருந்தாலும் உடனே சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
படத்திட்டக் குழுவினர்,
பொகவந்தலாவை