கினோசாகியில் குளித்த கதை

ஒசாகா
பிப்ரவரி

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் வந்து வெகுநாள் ஆகிறது. குளிர், பேரன், உடம்பு என்று ஆயிரம் காரணம் சொல்லலாம். நீ ஒன்றையும் நம்பமாட்டாய். என்னைப் போலவே ஆபரேஷன் ஆகி, வெளியே வரமாட்டேன் என்கிற கலாவுக்கு என்ன சொல்வது என்று கேட்டிருந்தாயே, அதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. அதனால்தான் பேனாவை எடுக்கவில்லை. இப்போது சொல்ல ஒரு விஷயம் இருக்கிறது. அது பதிலா இல்லையா என்று நீயே முடிவு செய்துகொள்.

இங்கே எல்லோரும் சௌக்கியம். பேரனைத் தமிழில் திட்டினால் ஜப்பானிய மொழியில் எதிர்த்துப் பேசுகிறான். மாப்பிள்ளை பழையபடிதான், வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும். உன் முழங்கால் எப்படி? வீட்டு வேலை முடிந்ததா, இல்லை மேஸ்திரி இன்னும் உன் மோர்க்குழம்பைச் சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறாரா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் உமா என்னைக் கினோசாகிக்கு அழைத்துப் போனாள். ஹியோகோ மாகாணத்தில், ஜப்பான் கடல் பக்கம் இருக்கிற வெந்நீர் ஊற்று ஊர். ஒசாகாவிலிருந்து ரயிலில் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். ரயிலுக்கே கோனோதோரி என்று நாரையின் பெயர் வைத்திருக்கிறார்கள். நம் செங்கால் நாரைக்குச் சொந்தம். பக்கத்தில் தொயோகா என்ற இடத்தில்தான் இந்த நாட்டின் கடைசிக் காட்டு நாரை 1971இல் செத்துப்போனது. அப்புறம் சோவியத் நாட்டிலிருந்து குஞ்சுகளை வாங்கிவந்து வளர்த்து, இனம் பெருக்கி, 2005இல் மறுபடி பறக்கவிட்டார்கள். உனக்காக ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தேன். வயலெல்லாம் பனிதான் கிடந்தது, நாரை ஒன்றும் கண்ணில் படவில்லை.

தங்கியது ர்யோகான் என்கிற பழைய பாணி விடுதி. மரவீடு, காகிதக் கதவு, தரை முழுக்கக் கோரைப்பாய், நடுவில் ஒரு தோட்டம். விலையை உமா என்னிடம் மறைத்தாள். மாப்பிள்ளைதான், வருஷத்துக்கு ஒருமுறை பேசுகிறவர், சரியாக அன்றைக்குப் பார்த்துப் பேசினார்: இரண்டு வேளைச் சாப்பாட்டோடு ஓர் இரவுக்கு ஒரு ஆளுக்கு 50,000 யென்னுக்கு மேல். ரூபாயில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, நெஞ்சைப் பிடித்துக்கொள்ளாதே. போதாததற்கு பில்லில் தலைக்கு 150 யென் குளியல் வரி! குளிக்க வரி போடும் ஊரை நான் இப்போதுதான் பார்க்கிறேன். நம் ஹாஸ்டல் வார்டனுக்குத் தெரிந்திருந்தால் ஒவ்வொரு வாளிக்கும் சேர்த்து வசூலித்திருப்பாள்.

ஒரு அறைக்கு ஒரு அம்மாள் பொறுப்பு. நகாய்சான் என்கிறார்கள். எங்களுக்கு வாய்த்தவருக்கு என் வயதைவிடக் கூடவே இருக்கும். கதவுக்கு வெளியே மண்டியிட்டு உட்கார்ந்து, கொஞ்சம் நகர்த்தி, நிறுத்தி, மீதியையும் நகர்த்தி, குனிந்து வணங்கிவிட்டுத்தான் உள்ளே வருவார். எனக்குக் கை கால் ஓடவில்லை. நானும் பதிலுக்குக் குனிய, அவர் இன்னும் குனிய, உமா "போதும்மா, ராத்திரி முழுக்க இதே நடக்கும்" என்றாள். யுகாதா என்கிற பருத்தி அங்கியை நான் நம் புடவைப் பழக்கத்தில் சுற்றிக்கொண்டு வந்து நின்றதும் அந்த அம்மாள் பதறி ஓடிவந்து பிரித்தார். இடது பக்கம்தான் மேலே வரவேண்டுமாம். வலது பக்கம் மேலே வந்தால் பிணத்துக்கு உடுத்துகிற முறை!

இப்போதுதான் கதை. அந்த அறைக்கென்றே தனியாக ஒரு குளியல் தொட்டி இருந்தது. ஹினோகி என்கிற ஜப்பானிய சைப்ரஸ் மரம், உள்ளே வெந்நீர், எதிரே தோட்டம். உமா இவ்வளவு பணம் கொட்டியதே அதற்காகத்தான். பொதுக் குளியலில் எல்லோரும் துணியில்லாமல்தான் இறங்க வேண்டும். அம்மாவால் முடியாது, அம்மா யாருக்கும் காட்டமாட்டாள். அதனால் தனித் தொட்டி. அவள் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. என் மார்பு ஆபரேஷன் சமயத்தில் அவள் இங்கே நிறைமாதம். கட்டுப் பிரித்தபோது என் பக்கத்தில் நின்றது நீ. உன்னையும் நர்ஸையும் தவிர அந்த இடத்தை இதுவரை யாரும் பார்த்ததில்லை. வீட்டில் குளியலறைக் கண்ணாடியைக் கழற்றி எடுத்தேனே, ரசம் போய்விட்டது என்று உன்னிடம் சொன்னேன். நீ நம்பியிருக்கமாட்டாய்.

தொட்டியில் இறங்கினேன். சுகம்தான், பொய் சொல்வானேன். ஆனால் கொஞ்ச நேரத்தில் ஆஸ்பத்திரித் தனியறையில் படுத்திருப்பது மாதிரி ஆகிவிட்டது. எல்லாம் சுத்தம், எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில், நான் மட்டும் ஒளிந்துகொண்டு.

ராத்திரி சாப்பாட்டின்போது நகாய்சான் கேட்டார், எந்தக் குளத்துக்குப் போனீர்கள் என்று. ஊரில் ஏழு பொதுக் குளியலிடங்கள் உண்டு. விடுதியில் தங்குகிறவர்களுக்கு எல்லாவற்றுக்கும் சீட்டு கொடுத்துவிடுகிறார்கள். போகவில்லை என்றோம். அவருக்கு மனசு ஆறவில்லை. இந்த ஊரே ஒரே விடுதியாம்: ரயில் நிலையம் வாசல், தெரு நடைபாதை, விடுதிகளெல்லாம் அறைகள், வெளிக்குளங்கள்தான் குளியலறை. அங்கே போகாமல் திரும்பினால் அறைக்குள் நுழைந்துவிட்டுக் குளிக்காமல் போன கணக்கு.

அப்புறம் ஒரு வழக்குக் கதை சொன்னார். உமா மொழிபெயர்த்தாள். உங்கள் வீட்டு வக்கீல் ஐயாவிடம் இதைக் கட்டாயம் சொல், இரண்டு நாள் சோறு தண்ணீர் இல்லாமல் பேசுவார். முன்பெல்லாம் இங்கே எந்த விடுதிக்குள்ளும் வெந்நீர்க் குளம் கிடையாது. எல்லோரும் தெருவுக்கு வந்துதான் குளிக்க வேண்டும். 1925 மே மாதம் பூகம்பம் வந்து, தீப்பிடித்து, ஊரே சாம்பலானது. திரும்பக் கட்டும்போது ஒரு விடுதிக்காரர் தன் வீட்டுக்குள்ளேயே ஊற்று நீரை எடுத்துக் குளம் வைத்தார். ஊர் கொதித்தெழுந்தது. தண்ணீர் ஊருக்கா, நிலத்துக்காரனுக்கா? விருந்தாளி விடுதிக்குள்ளேயே குளித்துவிட்டால் தெருவுக்கு யார் வருவார்கள், கடைக்காரன் எதைத் தின்பான்? கோர்ட்டுக்குப் போனார்கள். நடுவில் ஒரு உலகப் போரே வந்து போனது, வழக்கு முடியவில்லை. 1950இல்தான் சமரசம். தண்ணீர் ஊர்ப் பொதுவில் வந்தது. விடுதிக்குள் குளம் வைத்துக்கொள்ளலாம், ஆனால் சின்னதாகத்தான் இருக்க வேண்டும். இன்றைக்கும் அப்படித்தான். நான் ஊறிக் கிடந்த தொட்டி அத்தனை அடக்கமாக இருந்ததற்கு ஆசாரியின் ரசனை காரணமில்லை, கோர்ட்டுதான் காரணம்!

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு ஊரே இருபது வருஷத்துக்கு மேல் மல்லுக்கட்டியிருக்கிறது, யாரும் தனியாக உட்கார்ந்து குளிக்கக் கூடாது என்று. நான் என்னடாவென்றால் காசு கொடுத்துத் தனியாக உட்கார்ந்திருக்கிறேன். "போகலாம் உமா" என்றேன். அவள் கையிலிருந்த கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

மரச்செருப்பைப் போட்டுக்கொண்டு, ஆற்றங்கரையோரம் பனியில் டக்டக்கென்று நடந்தோம். கரை நெடுக வில்லோ மரங்கள், கல்பாலங்கள், தெரு நிறைய யுகாதா கட்டிய ஜனம். ஒவ்வொரு விடுதிக்கும் ஒரு துணி, ஒரு பூப்போட்ட மாதிரி. போனது ஏழில் ஒன்றான கோ நோ யு. பெயரில் இருப்பதும் அந்த நாரைதான், கால் காயத்தை இந்தத் தண்ணீரில் ஆற்றிக்கொண்டதாம். அதிலிருந்து கண்டுபிடித்த ஊற்று என்பது கதை. ஏழிலும் இதுதான் பழையது. வியாதி தீரும் என்றெல்லாம் நான் நம்பிப் போகவில்லை. டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான் இறங்கினேன், நீ கத்தாதே.

உடை மாற்றும் அறையில் ஆளுக்கொரு கூடை. என்னைப் போன்றவர்கள் உடுத்திக்கொண்டே இறங்குவதற்கென்று இந்த நாட்டில் ஒரு தனித் துணி விற்கிறார்கள். உமா அதையும் ரகசியமாக வாங்கி வைத்திருந்தாள், பையிலிருந்து எடுத்து நீட்டினாள். கையில் வாங்கிப் பார்த்துவிட்டுக் கூடையிலேயே போட்டேன். கைத்துண்டு அகலத்துக்கு ஒரு சின்னத் துண்டு உண்டு, அதை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே போனேன். முதலில் சின்ன முக்காலியில் உட்கார்ந்து தேய்த்துக் குளிக்க வேண்டும், அதன் பிறகுதான் குளம். முடி தண்ணீரில் படக் கூடாது, தூக்கிக் கட்ட வேண்டும். கொண்டை போட இரண்டு கையும் வேண்டாமா? துண்டை விட்டுவிட்டேன்.

உமா பார்த்தாள். எனக்குத் தெரியும், பார்த்தாள். ஒரு நிமிஷம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "திரும்பு, முதுகு தேய்க்கிறேன்" என்றாள். என் அம்மா எனக்குத் தேய்த்த மாதிரியே, எலும்பு நோகத் தேய்த்தாள். இரண்டு பேருமே அழவில்லை, நீ ஒன்றும் கற்பனை செய்துகொள்ளாதே. ஷாம்பு கண்ணில் பட்டது, அவ்வளவுதான்.

வெளியே திறந்தவெளிக் குளம். தலையில் பனி விழுகிறது, கழுத்துக்குக் கீழே கொதிக்கிறது. உப்பு கலந்த நீர், ஏறின பிறகும் உடம்புச் சூடு லேசில் இறங்காது. யாருமே என்னைப் பார்க்கவில்லை என்று எழுதினால் பொய். ஒரு சின்னப் பெண் பார்த்தாள். வாயைத் திறந்துகொண்டு நன்றாகவே பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் அவளுக்கு அலுத்துவிட்டது, பனியைப் பிடிக்கப் போய்விட்டாள். மற்றவர்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். எல்லா வயதிலும் உடம்புகள், மல்லிகா. சுருங்கினது, தொங்கினது, சிசேரியன் தையல் போட்டது, முதுகு வளைந்தது. நாம் காவிரியில் பாவாடையை மார்புக்கு ஏற்றிக் கட்டிக்கொண்டு அத்தனை வருஷம் ஒன்றாகக் குளித்தோமே, ஒரு வயதான பெண்ணின் உடம்பை நான் முழுசாகப் பார்த்ததே இல்லை என்று அங்கேதான் உறைத்தது. எல்லோருக்கும் பளிங்கு மாதிரி உடம்பு, எனக்கு மட்டும் குறை என்று அல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலையில் எழுந்ததும் நானாகவே துண்டை எடுத்துக்கொண்டு இன்னொரு குளத்துக்குக் கிளம்பினேன். உமா தூங்கிக்கொண்டிருந்தாள்.

நண்டைப் பற்றி எழுதாவிட்டால் நாகப்பட்டினத்துக்காரி என்று சொல்லிக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை. மத்சுபா நண்டு, நவம்பரிலிருந்து மார்ச் வரைதான் பிடிக்க விடுவார்கள். பக்கத்துத் துறைமுகத்து நண்டென்றால் காலில் நீலப் பட்டை கட்டி வருகிறது. பச்சையாக, சுட்டு, அவித்து, கடைசியில் நண்டு கொதித்த சாற்றிலேயே சோற்றைப் போட்டுக் கஞ்சி. காரம் இல்லை, மிளகு இல்லை, ஒரு பூண்டுப் பல் கிடையாது. முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது, இந்த நண்டை இப்படி வீணடிக்கிறார்களே என்று. ஓட்டிலேயே வைத்துச் சுட்ட நண்டின் உட்கூழை ஒரு வாய் சாப்பிட்டதும் கோபம் போய்விட்டது. ஆனாலும் சொல்கிறேன், என் அம்மா வைத்த குழம்புதான் குழம்பு.

இனி கலா விஷயம். தயவுசெய்து அவளுக்குத் தைரியம் சொல்லாதே. நீ எனக்குச் சொன்ன தைரியம் எல்லாமே அந்தச் சமயத்தில் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, இதை உன்னிடம் யாராவது சொல்ல வேண்டும். நீ வாரா வாரம் வந்து ஒன்றும் பேசாமல் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாயே, அதுதான் உதவியது. அவள் வெளியே வரமாட்டேன் என்றால் வற்புறுத்தாதே. இந்தக் கடிதத்தை அவளிடம் கொடுத்துவிடு. படித்துவிட்டுக் கிழித்துப் போட்டாலும் சரி. என் நம்பரையும் கொடு. ராத்திரி எந்நேரமானாலும் பேசலாம், எனக்குத் தூக்கம் வருவதே குறைவு. ஜப்பான் நேரம் மூன்றரை மணி நேரம் முன்னால் என்பதை மட்டும் சொல்லிவை.

மார்ச் கடைசியில் திரும்புகிறேன். சாந்தி ஏதோ கத்தி கேட்டிருந்தாள், வாங்கிவிட்டேன். பணத்தை அவளிடமிருந்து நீயே வசூல் செய்து வை, என்னால் முடியாது. உன் தையல்காரரிடம் என் ரவிக்கைகள் இருக்கின்றன, ஒரு பக்கம் பஞ்சு வைக்கச் சொல்லிக் கொடுத்தது. இன்னும் தைத்திருக்காவிட்டால் பஞ்சு வேண்டாம் என்று சொல்லிவிடு. தைத்துவிட்டிருந்தால் போகட்டும், பிரிக்கக் கூலி கேட்பார்.

அன்புடன்,
வசந்தா